ஓடுவது இருக்கட்டும்: ஓர் ஆங்கிலத் தொடரின் தர்க்கம்

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் நான் பணியாற்றிவந்த காலத்தில், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றின் சுகாதார நிலையை விவரித்து ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற கட்டுரையின் தமிழாக்கம், மை உலராத புரூப் தாளாக என் மேஜைக்கு வந்தது. அதன் இரண்டாம் பத்தியில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. “இவ்வூரில் ஒரு தாதி இல்லை, டாக்டரைத் தனியாக விட்டுவிடுங்கள்” என்பது அவ்வாக்கியம். மூலத்தை எடுத்துப் பார்த்தேன். தாதி இல்லை என்று சொல்லி முடித்த பின், ‘லெட் அலோன்’ என்ற இரு சொற்களை இட்டு, ‘டாக்டர்’ என்று முடித்திருந்தார் ஆங்கில ஆசிரியர். ‘லெட்’ என்பதற்கு விடு என்றும், ‘அலோன்’ என்பதற்குத் தனியாக என்றும் அகராதி பொருள் கூறுகிறது. மொழிபெயர்த்த இளைஞர் அதை நம்பி எழுதிவிட்டார். ஆனால் தமிழ் வாக்கியத்தைப் படிப்பவர், அவ்வூரில் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்றும், அவரை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று கட்டுரையாளர் கேட்டுக்கொள்கிறார் என்றுமே கொள்வர். மருத்துவ வசதியே இல்லாத ஊரைப் பற்றிய ஒரு துயரச் செய்தி, ஒரே தொடரால் தலைகீழாகிவிட்டது.

அந்த இளைஞரை அழைத்து, அத்தொடரின் பொருள் ‘இருக்கட்டும்’ என்பது போன்றது என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் திருத்திக் கொண்டுவந்தார். “இப்பொழுது சரியாயிற்றா, ஸார்?” என்று அவர் நீட்டிய தாளில், “தாதி இருக்கட்டும், ஒரு டாக்டர்கூட இல்லை” என்று இருந்தது. இப்பொழுது ஒவ்வொரு சொல்லும் நல்ல தமிழ். வாக்கியமும் காதுக்கு இயல்பாகவே ஒலித்தது. ஆயினும் பொருள் இன்னும் பிறழ்ந்தே இருந்தது. தாதி கிடைப்பது அரிது, டாக்டர் கிடைப்பது எளிது, அந்த எளிய பொருள்கூட அவ்வூருக்கு இல்லை என்பதன்றோ அவ்வாக்கியத்தின் தாத்பரியம்? மூலம் சொன்னது இதற்கு நேர்மாறானது. சொற்பொருள் தெரிந்த பின்னும் ஒரு வாக்கியம் தவறக்கூடும் என்பதையும், தவறு சொல்லில் இல்லாமல் வாக்கியத்தின் உள்ளே ஓடும் தர்க்கத்தில் இருக்கக்கூடும் என்பதையும் அன்றுதான் தெளிவாக உணர்ந்தேன். அந்தத் தர்க்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘லெட்’ என்ற உருவில் இன்று வழங்குவன உண்மையில் இரண்டு வேறு சொற்கள். ஒன்று, விடுதல், அனுமதித்தல் என்னும் பொருளுடைய பழைய வினை. மற்றொன்று, தடுத்தல் என்னும் நேர்மாறான பொருளுடையது. இரண்டும் பழைய ஆங்கிலத்தில் வடிவிலும் வேறுபட்டிருந்து, பின்னர் ஒலி தேய்ந்து ஒன்றுபோல ஆயின. தடுத்தல் என்ற பொருளுடைய சொல் பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டபோதிலும், டென்னிஸ் ஆட்டத்தில் வலையைத் தொட்டுச் சென்று விழும் முதற்பந்தைக் குறிக்கும் பெயராகவும், நம் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவரின் பெயரால், இதனை உடையவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு வேண்டும் வாசகத்திலும் இன்றும் உயிரோடிருக்கிறது. நம் தொடரில் இருப்பது முதலாவது சொல், அதாவது விடுதல். ‘அலோன்’ என்பதோ முழுதும் என்ற சொல்லும் ஒன்று என்ற சொல்லும் சேர்ந்து, முற்றிலும் ஒன்றாய் நிற்பது என்ற பொருளில் அமைந்தது. ஆகவே ‘லெட் அலோன்’ என்பது ஆதியில் ‘அதை அப்படியே விட்டுவிடு, தொடாதே’ என்ற ஏவல்தான். அந்த ஏவல் நாளடைவில் ஏவும் தன்மையை இழந்து, இரண்டு கருத்துக்களை இணைக்கும் இடைச்சொல்போல ஆகிவிட்டது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. “பணத்தை விடு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை” என்று நாம் பேசும்போது, நாமும் ‘விடு’ என்ற அதே வினையைத்தான் அதே காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலேயர் நம்மிடமிருந்து கற்றதுமில்லை, நாம் அவர்களிடமிருந்து கடன் வாங்கியதுமில்லை. பெரியதைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டுச் சிறியதைத் தூக்கிக் காட்டுவது என்ற மனத்தின் செயல் இருவர்க்கும் பொதுவாக இருந்தமையால், இரண்டு பாஷைகளும் தனித்தனியே ஒரே வினையிடம் வந்து சேர்ந்தன. சொல் ஒன்றாக இருப்பதே மொழிபெயர்ப்பாளருக்குப் பொறியாகவும் அமைந்துவிடுகிறது.

இத்தொடரை ஒரு தனி ஆராய்ச்சிக்கு உரிய விஷயமாக எடுத்துக்கொண்டவர்கள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த சார்லஸ் ஃபில்மோர், பால் கே என்னும் இருவரும், அவர்களோடு சேர்ந்த காதரீன் ஓ’கானரும் ஆவர். அவர்கள் 1988ஆம் ஆண்டில் அமெரிக்க மொழியியற் சங்கத்தின் ‘லாங்வேஜ்’ என்னும் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ நாற்பது பக்கங்கள் நீண்டு, இந்த இரண்டு சொற்களையே மையமாகக் கொண்டு சுழல்கிறது. ஃபில்மோர் வேற்றுமைப் பொருள்களைப் பற்றி 1968இல் எழுதியதன் மூலம் முன்னரே பெயர் பெற்றவர். கே என்பவர், பிரெண்ட் பெர்லின் என்பவரோடு சேர்ந்து உலக மொழிகளின் நிறப்பெயர்களை ஆராய்ந்து 1969இல் நூல் வெளியிட்டவர். இத்தகைய பெரியோர் இவ்வளவு சிறிய தொடருக்காக இவ்வளவு உழைத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. அக்காலத்தில் மொழியியலில் ஆதிக்கம் பெற்றிருந்த கொள்கை, வாக்கியங்களைப் பிறப்பிக்கும் பொது விதிகளே இலக்கணத்தின் உயிர் என்றும், மரபுத் தொடர்கள் அகராதியின் பின்னிணைப்பில் கிடக்கவேண்டிய உதிரிச் சரக்கு என்றும் கருதியது. அந்த உதிரிச் சரக்குக்குள்ளேயே ஒழுங்கான, நுட்பமான, புதிய வாக்கியங்களை ஆக்கவல்ல ஓர் இலக்கணம் இருக்கிறது என்று இவர்கள் காட்டினர். பின்னாளில் ‘அமைப்பு இலக்கணம்’ என்று கிளைத்து வளர்ந்த துறைக்கு இக்கட்டுரை ஓர் ஊற்றாக அமைந்தது.

அவர்கள் கண்டதன் சாரத்தை என் சொற்களில், நம் உதாரணங்களைக் கொண்டு கூற முயல்கிறேன். நோயிலிருந்து எழுந்த ஒருவரைப் பற்றி, அவருக்கு நடக்க முடியவில்லை, ‘லெட் அலோன்’ ஓட என்று ஆங்கிலத்தில் சொல்வதாகக் கொள்வோம். இவ்வாக்கியத்தில் இரண்டு கூற்றுக்கள் உள்ளன. நடக்க முடியவில்லை என்பது முழுமையாகச் சொல்லப்பட்டது. ஓட முடியவில்லை என்பது ஒரே சொல்லாகச் சுருங்கி, முற்றுவினை இல்லாமல் தொங்குவது. இவ்விரண்டும் ஓர் ஏணியின் இரண்டு படிகள். கீழ்ப்படி நடத்தல், மேற்படி ஓடுதல். கீழ்ப்படியிலேயே கால் வைக்க முடியாதவர் மேற்படியை எட்டமாட்டார் என்பது கேட்பவர்க்குச் சொல்லாமலே விளங்கும். ஆகையால் முதற்கூற்று இரண்டாவதைத் தன்னுள் அடக்கியது. முதலாவது உண்மையானால் இரண்டாவது தானே உண்மையாகும். இரண்டாவதிலிருந்து முதலாவதை ஊகிக்க முடியாது. ஓட முடியாதவர் நடக்கலாம் அல்லவா? இந்த ஒருவழித் தர்க்கமே அத்தொடரின் முதுகெலும்பு.

இதற்குத் துணையாக வேறு சில நியமங்களும் உண்டு. எதிரெதிராக நிறுத்தப்படும் சொற்கள் இரண்டும் குரலில் அழுத்தம் பெறவேண்டும். முன்வாக்கியம் பெரும்பாலும் எதிர்மறையாகவோ, எதிர்மறையின் சாயல் படிந்ததாகவோ இருக்கவேண்டும். ‘சந்தேகம்’, ‘அரிது’, ‘களைத்துப்போனமையால் இயலாது’ போன்ற கருத்துக்களும் அதற்குப் போதும். ஒரே வாக்கியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்நிலைகள் வருதலும் உண்டு. ராமு கத்தரிக்காய் தின்னமாட்டான், ‘லெட் அலோன்’ கோபு பாகற்காய் என்று சொன்னால், தின்பவனும் மாறுகிறான், காயும் மாறுகிறது. ஆங்கிலம் அந்த இரண்டு பெயர்களை மட்டும் அடுத்தடுத்து வைத்து, மற்றதைக் கேட்பவரின் புத்திக்கு விட்டுவிடுகிறது. தமிழில் இவ்வளவு குறைத்துவிட முடியாது. “கோபு பாகற்காய் தின்பது இருக்கட்டும், ராமு கத்தரிக்காய்கூடத் தின்னமாட்டான்” என்று தொழிற்பெயரை இட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் குரலின் அழுத்தத்தையே பெரும்பாலும் நம்பி நிற்கும் நுட்பத்தை, நாம் ‘கூட’ என்ற ஒரு சிறிய இடைச்சொல்லால் எழுத்திலேயே பொறித்துவிடுகிறோம். இது நம் பாஷைக்குள்ள அநுகூலம்.

இவ்வாராய்ச்சியில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி வேறொன்று. ஒருவர் பலமான கூற்றைச் சொல்லிவிட்டால், அதிலேயே அடங்கிய பலவீனமான கூற்றை ஏன் மறுபடி சொல்லவேண்டும்? நடக்க முடியவில்லை என்றாலே போதுமே, ஓட்டத்தைப் பற்றிய பேச்சு எதற்கு? இதற்கு அவர்கள், சம்பாஷணையின் நியதிகளைப் பற்றி பால் கிரைஸ் என்னும் தத்துவ ஆசிரியர் 1967இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளை அடியொற்றி விடை கூறுகின்றனர். பேசுபவர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகப் பேசவேண்டும் என்பது ஒன்று. தமக்குத் தெரிந்ததைக் குறைக்காமல் சொல்லவேண்டும் என்பது மற்றொன்று. சில சமயங்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. “அவர் எனக்கு ஆயிரம் ரூபாய் கடன் கொடுப்பாரா?” என்று ஒருவர் கேட்கிறார். கொடுக்கமாட்டார் என்று மட்டும் சொன்னால் கேள்விக்கு விடையாகும். ஆனால் அம்மனிதரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அதைவிட அதிகம். பத்து ரூபாய்கூடக் கொடுக்கமாட்டார் என்று மட்டும் சொன்னால் உண்மை முழுதும் வெளிப்படும். ஆனால் கேட்டது ஆயிரத்தைப் பற்றி. இரண்டு கடமைகளையும் ஒரே மூச்சில் நிறைவேற்றுவதற்காக அமைந்த கருவியே இந்தத் தொடர். ஆயிரம் என்பது கேள்விக்கு உரியது. பத்து என்பது உண்மைக்கு உரியது.

இதைப் படித்தபோதுதான் தமிழ் வாக்கியத்தின் அழகு எனக்குப் புலனாயிற்று. ஆங்கிலத்தான் பத்தை முதலில் சொல்லி, ஆயிரத்தை வாலில் கட்டுகிறான். நாமோ, “ஆயிரம் கிடக்கட்டும், பத்து ரூபாய்கூடக் கொடுக்கமாட்டார்” என்கிறோம். கேட்டவர் மனத்தில் நிற்கும் ஆயிரத்தை முதலில் எடுத்து, மரியாதையாக ஒரு பக்கம் வைத்து, அதன் பின்னரே நம் சொந்தச் செய்தியைச் சொல்கிறோம். கேள்விக்குப் பொருத்தம் முதலில், உண்மையின் முழுமை அடுத்து. வினை முடிவில் நிற்கும் நம் வாக்கியத்தில் கடைசியில் வருவதுதான் காதில் தங்கும்; அந்த இடத்தில் நிற்பது ‘பத்து ரூபாய்கூட’ என்னும் அதிர்ச்சி. என் பாட்டி, ஊருக்கு வந்துபோன உறவினர் ஒருவரைப் பற்றித் திண்ணையிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “சோறு கிடக்கட்டும்டா, ஒரு வாய்த் தண்ணி கேட்டானா அவன்?” பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. சோற்றை முதலில் வைத்து, தண்ணீரைப் பின்னால் வைத்து, இடையில் ஒரு மூச்சு நிறுத்தி, கேள்வியால் முடிக்கும் அந்த வாக்கியத்தில் எந்தப் பண்டிதரும் திருத்தத்தக்கது ஒன்றுமில்லை.

ஆகவே, எங்கள் இளைஞரின் இரண்டாவது வாக்கியம் தவறியதன் காரணம் தெளிவு. ஆங்கிலத்தில் ‘லெட் அலோன்’ என்பதற்குப் பின் வருவது ஒதுக்கப்படும் பெரிய பொருள். தமிழில் ‘இருக்கட்டும்’ என்பதற்கு முன் வருவது அப்பெரிய பொருள். அவர் தொடரை மாற்றினார், வரிசையை மாற்றவில்லை. ஏணியின் படிகள் இடம் மாறிவிட்டன.

இந்த ஏணி எங்கேயிருந்து வருகிறது என்ற கேள்வியை இங்கே எழுப்புவது அவசியம். நடத்தலும் ஓடுதலும், பத்தும் ஆயிரமும் உலகமறிந்த ஏணிகள். ஆனால் எல்லா ஏணிகளும் அவ்வாறு இயற்கையில் கிடப்பனவல்ல. ஒரு வைத்தியர் நோயாளியிடம், “நெய் இருக்கட்டும், மோர்கூடக் கூடாது” என்று சொன்னால், பத்தியத்தின் ஏணி அது. உணவின் கனம் பற்றிய நம் அநுபவம் அதை ஆக்கித் தருகிறது. ஒரு தனவந்தரைப் பற்றி, “பணம் இருக்கட்டும், ஐந்து நிமிஷம்கூடத் தரமாட்டார்” என்றால் ஓர் ஏணி. ஓயாது உழைக்கும் ஒருவரைப் பற்றி, “நேரம் இருக்கட்டும், பணம்கூடத் தரமாட்டார்” என்றால் அதுவே கவிழ்த்து வைத்த ஏணி. பணம் பெரிதா நேரம் பெரிதா என்பது ஆளைப் பொறுத்து மாறுகிறது. முன்பின் அறியாத இரண்டு பொருள்களை இத்தொடரில் கோத்துச் சொன்னாலும், கேட்பவர் தம் மனத்திலேயே அவற்றை மேலும் கீழுமாக அடுக்கிக்கொள்வர். அறிமுகமில்லாத இரண்டு ஊறுகாய்களின் பெயரைச் சொல்லி, இன்னதே காரம் தாங்கவில்லை, இன்னது இருக்கட்டும் என்றால், இரண்டாவதுதான் அதிகக் காரம் என்று நாம் உடனே தெரிந்துகொள்கிறோம். யாரும் நமக்கு அதைச் சொல்லவில்லை. வாக்கியத்தின் அமைப்பே சொல்லிவிட்டது.

இங்கேதான் இத்தொடரின் அபாயமும் இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏணியை நிறுவாமலே, அதை ஒப்புக்கொண்டதாகப் பாவித்துப் பேச இத்தொடர் இடம் கொடுக்கிறது. “ஆண்களாலேயே முடியவில்லை, பெண்களை விடுங்கள்” என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது, பெண்களின் ஆற்றல் குறைவு என்பதை அவர் வாதித்து நிலைநாட்டவில்லை. கேட்போர் யாவரும் அதை முன்பே ஒப்புக்கொண்டவர்போல, அதன்மேல் ஏறி நின்று பேசுகிறார். நேராகச் சொல்லியிருந்தால் மறுப்பு எழுந்திருக்கும். தொடருக்குள் மறைத்துச் சொன்னதால் கைதட்டல் எழுகிறது. இந்தக் குற்றம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. இழிவு சிறப்பும்மைக்கு நம் உரைநூல்களில் வழிவழியாகக் காட்டப்பெற்று வந்த ஓர் உதாரணம், ஒரு ஜாதியாரை மனிதப் படிக்கட்டின் அடியில் நிறுத்தி, அவரும் விரும்பாத பொருள் என்று ஒன்றை இகழ்கிறது. இலக்கணம் அவ்வேணியைச் செய்யவில்லை, சமூகம் செய்தது. இலக்கணம் அதைக் கேள்வியில்லாமல் பாடமாக்கிக் கொடுத்தது. அவ்வுதாரணத்தை மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமே உண்டாகிறது. உம்மையின் இயல்பை விளக்க அந்த உதாரணம் வேண்டியதேயில்லை.

உம்மை என்றேன். நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் இவ்விஷயத்தை எவ்வளவு கூர்மையாகக் கண்டிருந்தனர் என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தொல்காப்பியரும், பிற்காலத்து நன்னூலாரும் ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்து, அவற்றுள் சிறப்பு என்பதை ஒன்றாக வைத்தனர். உரையாசிரியர்கள் அச்சிறப்பை உயர்வு என்றும் இழிவு என்றும் இரண்டாகப் பிரித்தனர். உயர்வுக்கு அவர்கள் காட்டும் மேற்கோள் மலைபடுகடாத்திலிருந்து வருவது. மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவரும் வழி தெரியாது மயங்கும் மலை அது என்பது அதன் கருத்து. குறவரே மயங்கினால், வழிப்போக்கர் நிலை என்ன என்பதை அக்கவி சொல்லவில்லை, ‘உம்’ சொல்லிவிடுகிறது. ஆங்கிலத் தொடரில் வாலாகத் தொங்கும் இரண்டாவது கூற்று, தமிழில் வாயால் சொல்லப்படாமலே ஓர் உயிரும் ஒரு மெய்யுமாகிய இடைச்சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. ஏணியின் ஒரு நுனியைத் தொட்டுக் காட்டினாலே மற்ற நுனி தெரியும் என்ற உண்மையை அவர்கள் அறிந்திருந்தனர்.

வடமொழித் தர்க்க நூலோர் இதற்குப் பெயரே இட்டு வைத்தனர். ‘கிம் உத’, அதாவது ‘மற்றதைச் சொல்லவும் வேண்டுமோ’ என்னும் தொடரிலிருந்து பிறந்த கைமுதிக நியாயம் என்பது அது. வைணவ வியாக்கியானங்களைப் பயின்றவர்க்கு இப்பெயர் பழக்கமானது. இதனோடு இனமானது தண்டாபூப நியாயம். கோலில் அப்பங்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எலி கோலையே தின்றுவிட்டது என்று ஒருவன் வந்து சொன்னால், அப்பம் என்ன ஆயிற்று என்று கேட்பாருண்டோ? அணியிலக்கணத்தில் இந்த நியாயத்தையே அடிப்படையாக வைத்து ஓர் அலங்காரம் வகுத்தனர். ஆரணியை அடுத்த அடையபலத்தில் பிறந்த பதினாறாம் நூற்றாண்டுப் பேரறிஞர் அப்பைய தீட்சிதர், தம் குவலயானந்தத்தில் இதைக் காவியார்த்தாபத்தி என்ற பெயரால் விளக்குகிறார். அங்கே வரும் உதாரணத்தின் கருத்து, உன் முகம் சந்திரனையே வென்றுவிட்டது, தாமரைகளைப் பற்றிப் பேச்சென்ன என்பது. தாமரையைக் கூம்பச் செய்பவன் சந்திரன். அவனே தோற்றபின் தாமரைக்கு இடமேது? ஏணி கவிமரபிலிருந்து வருகிறது. தர்க்கம் ஆங்கிலத் தொடரின் தர்க்கமேதான். யூத மதத்தின் பேராசிரியர் ஹில்லேல், வேதப்பொருள் காண்பதற்கு வகுத்ததாகக் கூறப்பெறும் ஏழு விதிகளுள் முதலாவதும் இதுவே. எளியதிலிருந்து கனமானதை ஊகிப்பது என்பது அதன் பெயர்ப்பொருள். இலத்தீன் நூலோரும் ‘அ ஃபார்ஷியோரி’ என்று, இன்னும் வலுவான காரணத்தால் என்ற பொருளில் அதைக் குறித்தனர். ஒரு நாட்டார் வேதத்துக்கும், மற்றொரு நாட்டார் காவியத்துக்கும், இன்னொரு நாட்டார் நீதிமன்றத்துக்கும் பயன்படுத்திய பெரிய அநுமான முறையை, ஆங்கிலேயர் சந்தையிலும் சமையலறையிலும் பேசும் இரண்டு சொற்களில் அடக்கிக்கொண்டனர். நம் பாட்டிமாரும் அவ்வாறே செய்தனர்.

‘லெட் அலோன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் உறவினர் உண்டு. ‘மச் லெஸ்’, ‘ஸ்டில் லெஸ்’ என்பன அதே தர்க்கத்தைச் சற்றுக் கட்டுப்பாடான எழுத்து நடையில் சொல்வன. ‘நெவர் மைன்ட்’ என்பதை இங்கிலாந்தில் பேச்சில் இவ்வாறு வழங்குவர். ‘நாட் டு மென்ஷன்’ மட்டும் இக்குடும்பத்தில் தூரத்து உறவு. அது எதிர்மறையை வேண்டுவதில்லை. தமிழும் தெலுங்கும் அறிந்தவர், வடமொழியைச் சொல்லவே வேண்டாம் என்று உடன்பாட்டிலும் தாராளமாக வரும். சொல்லமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிடும் அந்த உத்தியை ரோமாபுரியின் பேச்சாளர்கள் ஒரு கலையாக வளர்த்தனர். கி.மு. 63இல் சதிகாரன் காடிலைனுக்கு எதிராக எழுந்த சிசரோ, அவனுடைய செல்வம் சிதைந்த கதையைத் தாம் விட்டுவிடுவதாக அறிவித்து, அவ்வறிவிப்பாலேயே அதைச் சபை முழுதும் கேட்கச் செய்தார். நம்மிடத்தில் உடன்பாட்டுக்குத் தனி வாய்பாடு உண்டு. “ஊர்க்காரர்களே திரண்டு வந்துவிட்டார்கள், உறவினரைக் கேட்க வேண்டுமா?” என்கிறோம். இவ்விடத்தில் ‘லெட் அலோன்’ என்பதை ஆங்கிலேயர் எளிதில் வைக்கமாட்டார்.

அழுத்தத்துக்காக ஏணியின் கடைசிப் படியைக் காட்டும் வழக்கத்தால் சிறுமை காட்டும் சொற்கள் ஒவ்வொரு பாஷையிலும் பெருகுகின்றன. எள்ளளவும், இம்மியும், சல்லிக்காசும், ஒரு பருக்கையும் என்று நாம் அடுக்குகிறோம். இவற்றுள் இம்மி, பழைய பின்னக் கணக்கிலிருந்து வந்தது. அக்கணக்கில் முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. கீழ்முந்திரி அம்முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்தது. அதற்கும் கீழே கிடப்பது இம்மி. கணக்காயர் வகுத்த மிகச் சிறிய பின்னம் ஒன்றை வழக்கு தன் அழுத்தத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அழுத்தம் நெடுநாள் நிலைப்பதில்லை. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓட்டோ யெஸ்பர்ஸன் 1917இல் எதிர்மறையைப் பற்றி எழுதிய நூலில் இதை விளக்கினார். பிரெஞ்சு மொழியில் இன்று ‘இல்லை’ என்பதன் பகுதியாக நிற்கும் ‘பா’ என்பது முற்காலத்தில் ‘ஓரடி’ என்று பொருள்பட்ட பெயர்ச்சொல். ஓரடியும் நகரவில்லை என்று அழுத்திச் சொல்லச் சொல்ல, அழுத்தம் தேய்ந்து வெறும் எதிர்மறை எஞ்சியது. ஆங்கில ‘நாட்’ என்பதும் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்பட்ட நீண்ட சொல்லின் தேய்ந்த வடிவமே.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுவோரும் இத்தொடரில் படிகளை மாற்றி வைத்துவிடுவதுண்டு. ஓட முடியவில்லை, நடப்பதை விடுங்கள் என்ற வரிசையில் அவர்கள் பேசினாலும் கேட்பவர் கவனியாமலே சரியாகப் புரிந்துகொள்வர். மனம் எதிர்பார்ப்பதைக் காது கேட்டுக்கொள்கிறது. பீட்டர் வேசனும் ஷுலி ரீச்சும் 1979இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்கு இனமான ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டனர். அலட்சியம் செய்ய இயலாத அளவுக்கு அற்பமான தலைக்காயம் எதுவும் இல்லை என்பது அதன் அமைப்பு. நிதானமாகப் பிரித்துப் பார்த்தால், எல்லாத் தலைக்காயங்களையும் அலட்சியம் செய்யலாம் என்றே அது கூறுகிறது. படித்தவரோ எதையும் அலட்சியம் செய்யக்கூடாது என்றே கொண்டனர். எதிர்மறையும் ஏணியும் ஒருங்கே வரும் இடத்தில் மனித புத்தி தடுமாறுவது இயல்பு என்று அறிந்த பின், எங்கள் இளைஞரின்மேல் எனக்கிருந்த சிறிது கோபமும் போய்விட்டது.

அன்று மாலை அவரும் நானும் அந்தப் புரூப் தாளை நடுவில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். “டாக்டர் இருக்கட்டும், ஒரு தாதிகூட இல்லாத ஊர் இது” என்று நான் எழுதினேன். வரிசை இப்பொழுது சரி, பொருளும் சரி. ஆனால் அவர் அடுத்த வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார். மூலத்தில் அது டாக்டரைப் பற்றியது. டாக்டர் ஒருவர் மிகச் சமீபத்தில் இருக்கும் இடம் மலைக்கு அப்பால் உள்ள தாலுகா ஊர் என்றும், அங்கே போக நாளைக்கு இரண்டு பஸ்களே உண்டு என்றும் அது சொன்னது. ஆங்கில ஆசிரியர் டாக்டரை வாக்கியத்தின் கடைசியில் வைத்தது, அடுத்த அடி அவரிடமிருந்து எடுத்து வைப்பதற்காகவே. “நீங்கள் எழுதியபடி போனால் தாதியிடம் வந்து நின்றுவிடுகிறோமே, ஸார், டாக்டரைத் தேடித் திரும்பிப் போகவேண்டியிருக்கிறதே” என்றார் அவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் வாக்கியத்தை அடித்துவிட்டு, அவர் கையாலேயே எழுதச் சொன்னேன்.

“ஒரு தாதிகூட இல்லாத இந்த ஊருக்கு டாக்டர் எங்கே?” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியை அதனோடு சேர்த்து வாய்விட்டுப் படித்தார். அச்சுக்கூடத்திலிருந்து பையன் தாளுக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தான், கொடுத்தனுப்பினோம்.